செய்தி வாசிப்பவரின் முகமும் பெண்ணுக்கு இட்ட அளவுகோலும்

வானொலிக்கு உரிய சிறப்புக்களுள் ஒன்று, பேசுபவரின் உருவம் கேட்பவருக்குப் புலனாவதில்லை என்பதாகும். பேசுபவர் நெட்டையரா குட்டையரா, கரியரா சிவந்தவரா, இளையவரா மூத்தவரா, பட்டுடுத்தவரா பருத்தியுடுத்தவரா என்பன அங்கே பொருளல்ல. சொல்லின் தெளிவும் குரலின் செம்மையும் கூறும் பொருளின் உண்மையுமே அவருக்கு மதிப்பைத் தேடித் தருவன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் இராஜேஸ்வரி சண்முகம் போன்ற பெண் ஒலிபரப்பாளர்கள், தம் முகத்தை அறியாத எத்தனையோ இல்லங்களில் குரல் ஒன்றினாலேயே உறவினர் போல் ஆயினர். அவர் என்ன நிறச் சேலை உடுத்திருந்தார், கூந்தலை எவ்வாறு முடித்திருந்தார் என்று கேட்டவர் எவருமிலர்.

தொலைக்காட்சி வந்தபின் இந்நிலை மாறியது. இலங்கையில் 1979ஆம் ஆண்டு சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982ஆம் ஆண்டு ரூபவாஹினியும் தோன்றின. பிற நாடுகளில் இம்மாற்றம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்துவிட்டது. செவிக்கு மட்டும் உரியதாயிருந்த செய்தி, கண்ணுக்கும் உரியதாயிற்று. அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆயினும், அந்தக் கண் ஆணையும் பெண்ணையும் ஒரே வகையாக நோக்கவில்லை. செய்தி வாசிக்கும் ஆணின் முகம், செய்தியைக் காட்டும் விளக்காகக் கருதப்பட்டது; பெண்ணின் முகமோ, தானே பார்க்கப்படும் பொருளாகக் கருதப்பட்டது. இவ்வேற்றுமை எங்ஙனம் தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது, வீட்டிலும் பள்ளியிலும் வளரும் சிறுமியரை அது எங்ஙனம் பாதிக்கிறது என்பனவற்றை ஆராய்தல் பயன் தரும்.

முதற்கண் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். பெண்ணுக்கு எதிரான மனத்தடை தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. 1933ஆம் ஆண்டிலே ஷீலா பொரெட் என்னும் பெண்மணியைத் தேசிய வானொலி அறிவிப்பாளராக அமர்த்தியது. நேயர்களின் முறைப்பாடுகள் குவிந்தன. சில மாதங்களுக்குள்ளேயே அவர் அப்பணியிலிருந்து விலக்கப்பட்டார். அன்று குற்றமாகக் காணப்பட்டது முகம் அன்று, குரல். உலக நடப்பைக் கூறும் அதிகாரம் ஆண் குரலுக்கே உரியது என்ற எண்ணமே அதன் அடிப்படை. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1955ஆம் ஆண்டு பார்பரா மண்டெல் தனியார் ஒளிபரப்பிலும், 1960ஆம் ஆண்டு நான் விண்டன் பி.பி.சி.யின் தேசியச் செய்தியிலும் தோன்றினர். விண்டன் வாசித்த காலம் ஓராண்டைக்கூட எட்டவில்லை. இரவுச் செய்தியை ஒரு பெண் வாசிப்பதைப் பார்வையாளர் ஏற்கவில்லை என்று நேயர் ஆய்வு கூறியதாகக் காரணங்காட்டி 1961இல் அவர் நிறுத்தப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1975இல் அஞ்சலா ரிப்பன் பி.பி.சி.யில் நிரந்தரமாகச் செய்தி வாசிக்கும் பெண் பத்திரிகையாளரானார். மறு ஆண்டு நத்தார்க்கால நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் அவர் மேசையின் பின்னிருந்து எழுந்து வந்து நடனமாடியபோது, அவருக்குக் கால்கள் உண்டென்பதை நாடு கண்டுபிடித்துவிட்டதாக வேடிக்கை பேசப்பட்டது. வேடிக்கைதான், ஆயினும் நாட்டு நடப்பை நாள்தோறும் நாவினால் உரைத்த ஒருவரைப் பற்றி நெடுங்காலம் நினைவுகூரப்பட்டது அவருடைய கால்களே என்பது சிந்திக்கத் தக்கது.

இவ்விடயத்தில் மிகவும் தெளிவான பாடத்தைக் கற்பிப்பது ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்காகும். கிறிஸ்டீன் கிராப்ட் என்பவர் அனுபவம் வாய்ந்த செய்தியாளர். 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் நகரிலுள்ள ஒரு தொலைக்காட்சி நிலையம் அவரைச் செய்தித் தொகுப்பாளராக அமர்த்தியது. அவர் அதற்கு முன்னர் வேறொரு நிறுவனத்திற் பணியாற்றியபோது, அவருடைய கூந்தலுக்குச் சாயமேற்றி, முகத்திற் கனத்த ஒப்பனை பூசி, அவரை வேறொருவராக மாற்றிவிட்டிருந்தனர். அவ்வனுபவத்தை மனத்திற் கொண்டு, தம் தோற்றத்தை மாற்றும் முயற்சிக்குத் தாம் உடன்படமாட்டார் என்பதைக் கன்சாஸ் நகர நிலையத்தாரிடம் முன்கூட்டியே அவர் சொல்லியிருந்தார். ஆயினும், பணியில் அமர்ந்த சில நாட்களிலேயே உடை பற்றியும் ஒப்பனை பற்றியும் அறிவுரைகள் தொடங்கின. ஆலோசகர்கள் வரவழைக்கப்பட்டனர். எந்த நாளில் எந்த உடையை அணிதல் வேண்டுமென்று குறித்த நாட்காட்டியொன்றும் அவருக்காக ஆக்கப்பட்டது.

அதன்பின் ஆய்வு நிறுவனமொன்று பார்வையாளர் சிலரைக் கூட்டி, கிராப்டின் தோற்றம் பற்றி அவர்களுடைய கருத்துக்களைக் கேட்டது. விளைவு சாதகமாயில்லை. எட்டு மாதங்களுக்குள், 1981 ஆகஸ்டில், அவர் தொகுப்பாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். வயது மிகுந்தவர், அழகு குறைந்தவர், ஆண்களுக்குப் போதிய பணிவு காட்டாதவர் என்பனவே தமக்குக் கூறப்பட்ட காரணங்கள் என்று அவர் சாட்சியமளித்தார். அவ்வாறு தாம் கூறவில்லை என்று நிலையத்தின் செய்தி அதிகாரி மறுத்தார். அப்பொழுது கிராப்டின் வயது நாற்பதைக்கூட எட்டவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கிராப்ட் நிலையத்தின் உரிமையாளராகிய மெட்ரோமீடியா நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 1983ஆம் ஆண்டு ஜூரிமார் அவருக்குச் சார்பாகக் கருத்துரைத்து 5 இலட்சம் டொலர் வழங்கும்படி கூறினர். நீதிபதி அம்முடிவைத் தள்ளிவைத்து, பால் வேற்றுமை காட்டப்படவில்லை என்று தீர்மானித்து, ஏமாற்றியமர்த்தினர் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுவிசாரணை ஏற்பாடு செய்தார். 1984இல் இரண்டாவது ஜூரிமாரும் அவர் பக்கமே நின்று 3 இலட்சத்து 25 ஆயிரம் டொலர் வழங்கினர். 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் நீக்கிற்று. 1986இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. இவ்வாறு, பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட இரு ஜூரிமார் குழுவும் கிராப்டுக்கு இழப்பீடு வழங்கவேண்டுமென்று கண்டனர். இறுதியில் சட்டம் அவருக்கு ஒன்றும் அளிக்கவில்லை.

இவ்வழக்கின் உயிர்நிலை எங்கே உள்ளதென்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தொலைக்காட்சி நிலையத்தின் வாதம் இதுவே: செய்தித் தொகுப்பாளர் ஆணாயினும் பெண்ணாயினும் அவருடைய தோற்றத்தைக் கவனித்தல் நிலையத்தின் உரிமை, பார்வையாளர் விரும்புவதை அளித்தலே அதன் தொழில், பார்வையாளரின் விருப்பத்தை ஆய்வு காட்டுகிறது. கேட்பதற்கு இது நேர்மையான வாதமாகவே தோன்றும். ஆனால், அந்தப் பார்வையாளர்கள் தம் விருப்பத்தை எங்கிருந்து பெற்றனர்? ஆண்டாண்டு காலமாக, நரைத்த தலையுடைய ஆண்களையும் அவர்களருகே இளமை குன்றாத பெண்களையுமே திரையில் அமர்த்திக் காட்டியவர்கள் யாவர்? அவ்வாறு காட்டிக் காட்டி ஓர் எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டு, பின்னர் அந்த எதிர்பார்ப்பையே சான்றாக எடுத்துக்காட்டுவது, வாய்க்காலை வெட்டியவனே நீர் ஏன் இவ்வழி ஓடுகிறதென்று வியப்பதை ஒக்கும். பழக்கம் விருப்பமாகிறது, விருப்பம் புள்ளிவிபரமாகிறது, புள்ளிவிபரம் விதியாகிறது, விதி மீண்டும் பழக்கத்தை வலுப்படுத்துகிறது. இந்த வட்டத்தை எவ்விடத்தில் உடைப்பதென்பதே எல்லா நாடுகளுக்கும் முன்னுள்ள கேள்வி.

வயது என்னும் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். பி.பி.சி. தொலைக்காட்சியிற் கிராம வாழ்வைப் பற்றிய நிகழ்ச்சியொன்று 2009ஆம் ஆண்டு மாலைப்பொழுதின் முக்கிய நேரத்துக்கு மாற்றப்பட்டபோது, நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய நான்கு பெண் தொகுப்பாளர்கள் அதிலிருந்து நீக்கப்பட்டனர். அறுபதைத் தாண்டிய ஆண் தொகுப்பாளர் ஒருவர் தொடர்ந்தார். நீக்கப்பட்டவர்களுள் மிரியம் ஓ'ரைலி என்பவர் தொழில் நியாயசபையை நாடினார். மிகத் துல்லியமான புதிய ஒளிபரப்பு முறை வரவிருப்பதால் முகச் சுருக்கங்களைப் பற்றிக் கவனமாயிருக்கும்படி தமக்கு எச்சரிக்கப்பட்டதென்றும், தலையிலுள்ள வெள்ளை மயிரை மறைக்கச் சாயம் நீட்டப்பட்டதென்றும் அவர் கூறினார். 2011 ஜனவரியில் நியாயசபை, வயதின் காரணமாக அவருக்கு வேற்றுமை காட்டப்பட்டதென்று தீர்ப்பளித்தது. பெண் என்பதன் காரணமாக வேற்றுமை காட்டப்பட்டதென்ற முறைப்பாட்டை அது ஏற்கவில்லை. சட்டம் வயதை ஒரு பெட்டியிலும் பாலை இன்னொரு பெட்டியிலும் வைத்துப் பார்க்கிறது. வாழ்விலோ அவை இரண்டும் ஒன்றாகவே வந்து தாக்குகின்றன. ஆணின் நரை அனுபவத்தின் அடையாளமாகவும் பெண்ணின் நரை கவனக்குறைவின் அடையாளமாகவும் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம்.

உடை என்னும் அளவுகோலைச் சோதித்துப் பார்த்தவர் ஓர் ஆண் என்பது சுவையான செய்தி. அவுஸ்திரேலியாவில் நாள்தோறும் காலையில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியொன்றின் தொகுப்பாளராக விளங்கிய கார்ல் ஸ்ரெபனோவிக், உடன் பணியாற்றிய பெண் தொகுப்பாளர் லிசா வில்கின்சனுக்கு அவருடைய உடை பற்றி ஓயாது வரும் விமர்சனங்களைக் கண்டார். தாம் ஒரு சோதனை செய்யத் துணிந்தார். ஓராண்டுக் காலம், ஓரிரு நாட்கள் நீங்கலாக, ஒரே நீல நிறக் கோட்டையும் காற்சட்டையையும் அணிந்து திரையில் தோன்றினார். 2014 நவம்பரில் அவரே இதனை வெளியிடும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு முறைப்பாடும் வரவில்லை. அவரைப் பார்வையாளர் மதித்தது அவருடைய கேள்விகளையும் நகைச்சுவையையும் கொண்டே. பெண் தொகுப்பாளர் ஒரே உடையை ஒரு வாரம் அணிந்திருப்பாராயின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. நூறு ஆய்வு நூல்கள் விளக்கவேண்டியதை ஒரு பழைய கோட்டு விளக்கிவிட்டது.

உடல் எடையும் இவ்வாறே. எகிப்து நாட்டின் அரச ஒலி, ஒளிபரப்பு நிறுவனம் 2016 ஆகஸ்டில் எட்டுப் பெண் தொகுப்பாளர்களை ஒரு மாத காலம் திரையிலிருந்து விலக்கி, எடையைக் குறைத்துக்கொண்டு வருமாறு பணித்தது. கண்ணுக்கு அணியும் கண்ணாடிகூட இதற்கு விலக்கன்று. தென் கொரியாவிற் பெரிய ஒளிபரப்பு நிலையங்களில் ஆண்கள் மூக்குக் கண்ணாடியோடு செய்தி வாசித்தல் வழக்கமாயிருந்தது. பெண்களோ அதனை அணிந்ததில்லை. 2018 ஏப்ரலில் இம் ஹியோன்-ஜூ என்னும் பெண்மணி கண்ணாடியணிந்து காலைச் செய்தியை வாசித்தது அந்நாட்டில் ஒரு பெருஞ் செய்தியாயிற்று. நாள்தோறும் ஒட்டிமைகளை ஒட்டி, நெடுநேரம் ஒப்பனை செய்து களைத்த கண்களுக்கு அக்கண்ணாடி ஆறுதலளித்தது. பார்வையைத் தெளிவாக்கும் கருவியொன்றை அணிவதற்கே ஒரு பெண் துணிவு கொள்ளவேண்டியிருந்தது என்றால், அளவுகோலின் இறுக்கத்தை அறியலாம்.

இவையெல்லாம் திரையில் தோன்றும் ஒரு சில பெண்களின் இன்னல்கள்தாமே, ஊரில் வாழும் பெண்களுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள பிஜித் தீவுகளிற் கிடைக்கிறது. அங்கே நத்ரோகா என்னும் மாகாணத்துக்கு 1995ஆம் ஆண்டிலேதான் தொலைக்காட்சி எட்டியது. அதுவரை அம்மக்களிடையே நிறைந்த உடலே அழகிய உடல். நன்றாக உண்பதும் விருந்தினரை உண்பிப்பதும் அவர்களுடைய பண்பாட்டின் உயிர். ஒருவர் மெலிந்துவிட்டாராயின், வீட்டில் அவரைக் கவனிப்பாரில்லையோ என்று சுற்றத்தார் கவலை கொள்வர். அன் பெக்கர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் மானிடவியலும் கற்றவர். அவர் தொலைக்காட்சி வந்த சில வாரங்களில், 1995இல், அங்குள்ள பாடசாலை மாணவியரிடையே உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வொன்றை நடத்தினார். மூன்றாண்டு கழித்து, 1998இல், அதே வயதுடைய மாணவியரிடையே அதே வினாக்களைக் கேட்டார்.

1995இல் உணவு பற்றிய ஆரோக்கியமற்ற மனப்பான்மையுடையோர் நூற்றுக்கு 12.7 வீதமாயிருந்தனர், 1998இல் அது 29.2 வீதமாக உயர்ந்தது. எடையைக் குறைக்கும் நோக்கத்துடன் உண்டதைத் தாமே வாந்தியெடுக்கும் பழக்கம் 1995இல் ஒருவரிடமும் காணப்படவில்லை, 1998இல் 11.3 வீதத்தினரிடம் காணப்பட்டது. ஒவ்வொரு முறையும் வினவப்பட்டோர் அறுபத்தைவர் அளவினரே. இரு முறையும் வினவப்பட்டோர் வேறு வேறு மாணவியர். அக்காலத்தில் தீவின் பொருளாதாரமும் மாறிக்கொண்டிருந்தது. ஆதலால் முழுப் பழியையும் தொலைக்காட்சியின்மேற் சுமத்துதல் முறையன்று. ஆயினும், அம்மாணவியர் நேரிற் கூறியவை கருத்திற் கொள்ளத்தக்கன. திரையிற் கண்ட வெளிநாட்டுப் பெண்களைப் போல் ஆகவேண்டுமென்று அவர்கள் விரும்பியது வெறும் அழகாசையினால் மட்டுமன்று. அப்பெண்களுக்கு நல்ல தொழில் கிடைப்பதையும் வெற்றி கிட்டுவதையும் அவர்கள் கண்டனர். மெலிந்த உடலே அவ்வெற்றிக்கு வாயில் என்று நம்பினர். கிராமத்தை விட்டு வெளியேறி ஓர் அலுவலகத்திற் பணிபுரியவேண்டுமென்ற நியாயமான ஆசைக்கு, தம் உடலையே விலையாகக் கொடுக்க அச்சிறுமியர் ஆயத்தமாயினர். இங்கேதான் இவ்விடயத்தின் உண்மையான ஆபத்து உள்ளது.

அந்த நம்பிக்கையை அவர்களாகவே கற்பனை செய்துகொள்ளவில்லை. வணிக விளம்பரங்கள் அதனை வெளிப்படையாகவே போதித்து வந்துள்ளன. தென்னாசியாவில் இதற்கு மிகச் சிறந்த சான்று நிறத்தை வெளுப்பாக்குவதாகக் கூறி விற்கப்பட்ட பூச்சுக்கள். இந்தியாவில் 1975ஆம் ஆண்டு அறிமுகமாகி, பின்னர் இலங்கை உள்ளிட்ட பல நாடுகளிற் பரவிய 'பெயர் அன்ட் லவ்லி' என்னும் பூச்சின் விளம்பரங்களை நினைவுகூருவோர் பலராவர். தொடக்கத்தில் அவை திருமணத்தையே முன்வைத்தன: கரிய பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் மறுப்பர்; பூச்சைப் பூசியபின் ஏற்பர். காலம் மாறி, பெண்கள் தொழில் நாடிச் செல்லத் தொடங்கியபோது விளம்பரமும் மாறியது, நோக்கம் மாறவில்லை. ஒரு விளம்பரத்தில், வறுமையில் வாடும் தந்தை தமக்கொரு மகனில்லையே என்று வருந்துகிறார். மகள் பூச்சைப் பூசி, நிறம் வெளுத்து, விமானப் பணிப்பெண்ணாகிப் பெற்றோரைக் காக்கிறாள். இன்னொன்றில், கிரிக்கெட் வர்ணனையாளராக விரும்பும் பெண்ணொருத்தி அதே பூச்சினால் அப்பதவியை அடைகிறாள். வர்ணனையாளருக்கு வேண்டியன விளையாட்டறிவும் சொல்வன்மையும் குரலுமன்றோ? அவற்றுக்கும் முகத்தின் நிறத்துக்கும் என்ன உறவு? மகனில்லாத குறையை மகள் தீர்ப்பாள் என்னும் நல்ல கருத்தைக்கூட, கரிய முகத்தினாற் பயனில்லை என்னும் தீய கருத்துக்கு வாகனமாக்கியதே அவ்விளம்பரங்களின் திறமை.

இந்திய மாதர் அமைப்புக்கள் இவற்றை எதிர்த்துக் குரலெழுப்பின. 2003ஆம் ஆண்டு அத்தகைய விளம்பரங்கள் இந்தியத் தொலைக்காட்சியிலிருந்து நிறுத்தப்பட்டன. சென்னையில் இயங்கிய ஒரு பெண்கள் அமைப்பு 2009இல் கருமையும் அழகே என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013இல் அதற்குத் தம் முகத்தையும் பெயரையும் அளித்தார். 2014இல் இந்திய விளம்பரத் தர அமைப்பு, கரிய நிறத்தைத் தாழ்வாகவோ தோல்விக்குக் காரணமாகவோ காட்டலாகாதென விதி வகுத்தது. 2020ஆம் ஆண்டு அப்பூச்சின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லே நீக்கப்பட்டது. அதே ஆண்டில், இந்தியத் திருமணத் தொடர்பு நிறுவனமொன்று நிறத்தைக் கொண்டு வரன் தெரியும் வசதியைத் தன் இணையத்தளத்திலிருந்து அகற்றியது. இம்மாற்றங்கள் போற்றத்தக்கவை. எனினும் பெயர் மாறுவது எளிது. ஐம்பது ஆண்டுகள் பழகிய கண் மாறுவது அரிது. மணமகள் தேவை என்ற விளம்பரத்திற் படிப்பையும் தொழிலையும் கூறியபின் நிறத்தையும் ஒரு தகுதியாகச் சேர்க்கும் வழக்கம் தமிழர் குடும்பங்களில் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இன்று இந்த அளவுகோல் கைத்தொலைபேசியினுள்ளும் புகுந்துவிட்டது. முன்னர் திரையில் தோன்றுவோருக்கு மட்டும் இருந்த சுமை, தன் படத்தைத் தானே எடுத்து வெளியிடும் ஒவ்வொரு மாணவியின் தலையிலும் ஏறியுள்ளது. முகத்தை மெலிதாக்கவும் நிறத்தை வெளுப்பாக்கவும் விரலின் ஒரு தொடுகை போதும். 2021ஆம் ஆண்டு வெளிவந்த பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகள், தம் உடலைப் பற்றி வருந்தும் பதின்வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 32 வீதத்தினர் இன்ஸ்டகிராம் அவ்வருத்தத்தை மிகுவிக்கிறதெனக் கூறியதைக் காட்டின. தன் உண்மையான முகத்தைத் தன் பொய்யான படத்தோடு ஒப்பிட்டு வருந்தும் நிலை முன்னைய தலைமுறை எதற்கும் வாய்க்காத புதுத் துன்பமாகும்.

இனி, மறுபக்க நியாயத்தையும் நோக்குதல் வேண்டும். பொது இடத்தில் தோன்றுபவர் தூய்மையாகவும் ஒழுங்காகவும் உடுத்தல் வேண்டாமா? அழகை விரும்புதல் மனித இயல்பன்றோ? தமிழிலக்கியத்திலேயே பாதாதிகேசம், கேசாதிபாதம் என உடலழகைப் பாடும் முறைகள் உள்ளனவே என்று சிலர் கூறுவர். இவற்றுள் உண்மை உண்டு. தூய்மையும் ஒழுங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கடமைகள். அவற்றை எவரும் மறுக்கவில்லை. அலங்காரத்தை விரும்பும் பெண்ணுக்கு அது மகிழ்ச்சி தருமாயின் அதனைக் குறைகூறவும் எவருக்கும் உரிமையில்லை. பாதாதிகேசமோ தெய்வத்தின் திருவடி தொடங்கித் திருமுடிவரை பாடுதற்கும் பயன்பட்ட முறை; ஒருவருக்கு வேலை கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க அதனை எவரும் பயன்படுத்தவில்லை. இங்கே எழும் வினா அழகு வேண்டுமா என்பதன்று. ஒருவருடைய அறிவையும் உழைப்பையும் அளக்கவேண்டிய இடத்தில் அழகை அளப்பதும், அதுவும் பெண்ணுக்கு மட்டும் அளப்பதும் முறையா என்பதே. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முதுமொழி. முகத்தைக் கண்டு அகத்தை உணரலாம் என்றே அது கூறுகிறது. முகத்தோடு நின்றுவிடும்படி கூறவில்லை.

நாடுகள் சில சட்டத்தின் வழியே பரிகாரம் தேடியுள்ளன. பிரான்சில் 2017ஆம் ஆண்டு முதல், உருவத்தை மெலிதாகவோ பருமனாகவோ காட்டத் திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அவை திருத்தப்பட்டவை என்று குறிப்பிடுதல் கட்டாயமாயிற்று. நோர்வேயில் அத்தகைய சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் விளம்பரத் தர ஆணையம் 2019 ஜூனிலிருந்து, ஆண் பெண் பற்றிய தீங்கான வார்ப்புருக்களைக் காட்டும் விளம்பரங்களைத் தடுத்து வருகிறது. இவை விளம்பரங்களுக்கு இடப்பட்ட வேலிகள். ஆயினும், செய்தியில் யார் இடம்பெறுகிறார் என்னும் அடிப்படைக் கேள்விக்கு வேலியால் விடை கிடையாது. உலக நாடுகள் பலவற்றின் செய்திகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே நாளிற் கணக்கிடும் உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டம், செய்திகளிற் குறிப்பிடப்படுவோருள்ளும் பேசுவோருள்ளும் பெண்கள் 1995இல் நூற்றுக்கு 17 வீதம் என்றும், 2020இல் 25 வீதம் என்றும் கண்டது. இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டு வீத முன்னேற்றம். பெண்ணின் முகம் எங்கும் நிறைந்திருக்கிறது. அவளுடைய சொல்லுக்குக் கால்வாசி இடமே கிடைத்திருக்கிறது.

சட்டம் செல்லாத இடங்களும் உள. அவை வீடும் பாடசாலையுமாம். விழாவுக்கு வந்த சிறுவனைப் பார்த்து, என்ன படிக்கிறாய், என்ன விளையாடுகிறாய் என்று கேட்கும் பெரியோர், சிறுமியைப் பார்த்ததும், சட்டை அழகாயிருக்கிறதே, ஏன் கறுத்துவிட்டாய், ஏன் மெலிந்துவிட்டாய் என்று கேட்கின்றனர். அன்போடு கேட்கப்படும் கேள்விகளே அவை. ஆயினும், உன்னிடம் முதலில் நோக்கப்படுவது இதுவே என்னும் பாடத்தை ஐந்து வயதிலேயே அவளுக்குக் கற்பித்துவிடுகின்றன. பரிசளிப்பு விழாவில் விருந்தினருக்கு மாலையிட அழகிய மாணவியரைத் தெரிவதும், நாடகத்திற் கரிய நிறமுடைய சிறுமிக்கு எப்பொழுதும் வேலைக்காரி வேடமே கொடுப்பதும், வகுப்பறையில் எவரும் எழுதாத ஒரு பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகின்றன. இவற்றை மாற்றுவதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை, கவனமே வேண்டும். உயர் வகுப்பு மாணவர்க்கு ஒரு விளம்பரத்தை எடுத்துக் காட்டி, இது எதனை விற்கிறது, எந்த அச்சத்தை எழுப்பி விற்கிறது, அவ்வச்சத்தால் யாருக்கு இலாபம் என்று வினவப் பழக்குதல் மொழிப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அமையலாம். அவ்வாறு வினவக் கற்ற மாணவி, திரையில் வருவதைப் பார்ப்பவளாக மட்டுமன்றி அதனை ஆராய்பவளாகவும் ஆவாள். அவளோடு அமர்ந்து கற்ற மாணவனும் நாளை ஒரு தொழிலுக்கு ஆளெடுக்கும் இடத்தில் இருக்கும்பொழுது வேறு அளவுகோலைக் கையிலெடுப்பான்.

கிராப்ட் வழக்கில் தோற்றார். பின்னர் சட்டங் கற்று வழக்கறிஞரானார். அவரைப் பதவியிறக்கிய ஆய்வில், அவர் வாசித்த செய்தி உண்மையா, தெளிவா, நேரத்துக்கு ஏற்றதா என்பனவே முதற் கேள்விகளாய் இருந்திருத்தல் வேண்டும். இன்று பாடசாலை மேடையில் நின்று பேசப் பழகும் சிறுமியரிற் சிலர் நாளை ஒலிவாங்கியின் முன்னும் ஒளிப்படக் கருவியின் முன்னும் வந்து நிற்பர். அவர்கள் பேசி முடித்தபின், என்ன கூறினாள் என்று கேட்பவர் தொகை எப்படித் தோன்றினாள் என்று கேட்பவர் தொகையை விஞ்சும் நாளே, இந்தச் சாதனங்கள் மக்களுக்குப் பயன்பட்ட நாளாகும்.